வாசலில் அவள் செருப்பு

"அழிச்சிடு, அழிச்சிடு!" என்று முகுந்தன் தன் கட்டைவிரலையே அதட்டினான். விரலோ தப்புத் தப்பாக அமுக்கியது.

அன்று இருபதாவது கல்யாண நாள். கிள்ளான் துறைமுக வாசலில் லோரி வரிசையில் நின்றபோது ஆசாமிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்து, மனைவி குமுதாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். போய் விழுந்ததோ முப்பத்தெட்டு லோரி டிரைவர்கள் இருக்கும் குரூப்பில்!

"இந்தா புள்ள, லோரிய விட்டு எறங்குனா மொதல்ல உன் செருப்பு வாசல்ல இருக்கான்னுதான் பாப்பேன். இருந்தாதான் எனக்கு உசுரே வரும். உன்னை ரொம்பப் புடிக்கும். அழுவுறேன்னு சிரிக்காத."

அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். ஒருவன் தும்மினாலே ஒன்பது பேர் கிண்டலடிக்கும் கூட்டம், இன்று மூச்சு விடவில்லை. பத்துமலையில் அலகு குத்தியபோதுகூடக் கண் கலங்காத மீசைக்காரன் என்ற பேர் அன்றோடு போயிற்று.

நண்பன் சிவநேசன் போன் செய்தான். "மச்சான், அழிக்காத லா! அஞ்சு நிமிஷம் இருக்கட்டும். அதுல குமுதா தங்கச்சி பேரு சொல்லலதானே?"

"கிண்டலா பண்றே?" என்று கத்திவிட்டு, முகுந்தன் அதை ஒரேயடியாக அழித்தான். குமுதாவுக்கு மறுபடி பேசி அனுப்புவதா? செத்தாலும் மாட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் அவள் செருப்பு இருந்தது. வந்த உசுரு வந்த வேகத்தில் போனது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு குமுதாவும் நின்றாள்.

"நல்லம்மாள் போன் பண்ணி அழுவுறா. மாரியாயியும் அழுவுறா. காலைலேர்ந்து எல்லா டிரைவர் பொண்டாட்டியும் எனக்குப் போன் பண்ணி அழுவுறாளுங்க."

"அலாமக், ஐயையோ! அவங்க எதுக்கு அழுவணும்?"

"அவங்கவங்க வீட்டுக்காரரு உங்க குரலை அப்படியே அனுப்பி, 'நானும் இதேதான் சொல்றேன்'னு கீழ எழுதியிருக்காராம்."

முகுந்தனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

"முப்பத்தெட்டு வீட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும் வந்துருச்சி. எனக்குதான் இன்னும் வரல."