ஒரு எண்ணில் தப்பியவர்கள்

ஆறு மாடியும் படியேறி வந்த மாமா, நெட்டையின் வீட்டு வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இந்த வயசுல எவனாவது இப்படி ஏறுவானா?" என்று நெட்டை பெருமைப்பட்டான். தொப்பையைப் பார்த்தால் ஏறியவர் மாதிரித் தெரியவில்லை.

அவர் நெட்டைக்கும் அவன் தங்கைக்கும் தாய்மாமா. சனிக்கிழமை மதியமானால் பகடை விளையாட்டு நடத்த வந்துவிடுவார். கதை சொல்வது அவர். அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் போட்டு அலைவது மற்றவர்கள். நெட்டை வில்லாளி. தங்கை திருடி.

மூன்றாவது ஆள், நெட்டையோடு வேலை பார்க்கும் புள்ளி. புள்ளியியலில் பட்டம் வாங்கியதால் அந்தப் பெயர். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். இதே கட்டடத்தைக் கூட்டித் துடைத்துத்தான் அம்மா அவளைப் படிக்க வைத்தாள். போன வாரம் கதையில் பூதம் அடித்து அவளுடைய மருத்துவச்சி செத்துப்போனதால், இந்த வாரம் புதிதாகச் சமையல்காரி.

மாமா தன் முன்னால் அட்டைத் தடுப்பை நிமிர்த்தினார். பூதம் அடிக்கும்போதெல்லாம் இருபது முகப் பகடையை அதன் பின்னால் அவர்தான் உருட்டுவார். பதினாலோ அதற்கு மேலோ விழுந்தால் அடி வாங்கியவர் காலி.

"பூதம் வில்லாளி மேல பாயுது..." பகடை உருண்டு நின்றது. "பதிமூணு! ஒரே ஒரு எண்ணுல தப்பிச்சடா மருமகனே!"

நெட்டை குதித்தான். புள்ளி நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

"ஏழு வாரமா எழுதிட்டு வர்றேன். பூதம் இவனைப் பதினோரு தடவை அடிச்சிருக்கு. பதினோரு தடவையும் பதிமூணு."

"அது என் அதிர்ஷ்டம்," என்றான் நெட்டை.

"தெரியுதே. உன் அதிர்ஷ்டம் தொப்பையோட எதிர்ல உக்காந்திருக்கு." அவள் எட்டி அட்டையைத் தூக்கினாள். பகடையில் பத்தொன்பது.

"ஐயோ, அப்ப அண்ணன் செத்துட்டானா? அவன் பங்கு பிஸ்கட் எனக்கு!" என்றாள் தங்கை.

மாமா வெட்கப்படவில்லை. "இதுல என்னம்மா பெரிய குத்தம்? வாராவாரம் ஆள் செத்துக்கிட்டே இருந்தா கதை எப்படி நகரும்? நாலு பேர் சந்தோஷமா இருக்க வர்றாங்க. பகடைக்கு அதெல்லாம் தெரியுமா?"

"என் மருத்துவச்சி செத்தப்ப மட்டும் தெரிஞ்சுதா?"

"அது கதைக்குத் தேவைப்பட்ட சாவு."

"சொந்தக்காரனுக்கு மட்டும் தேவைப்படாத சாவு!" புள்ளிக்குக் குரல் ஏறியது. "யாரும் சாக மாட்டாங்கன்னா அப்புறம் எதுக்கு வில்லு, எதுக்கு வீரம்? பொய்க்கும் ஒரு தரம் வேணும் சார். நாலு, ஒம்பது, பன்னெண்டுன்னு மாத்திச் சொல்லக்கூட உங்களுக்குச் சோம்பல். பதினாலுங்கிற கோட்டுக்கு ஒண்ணு கம்மி, அதோட மூளை நின்னுடுது."

மாமாவின் முகம் சிவந்தது. "வாயை அடக்கிப் பேசு. நாப்பது கட்டடத்து லிஃப்ட்டைச் சோதிச்சுக் கையெழுத்துப் போடுறவன் நான். ஆயிரம் பேர் உசிரு என் கையெழுத்துல தொங்குது. கேவலம் ஒரு பகடைக்கு என்கிட்ட நேர்மை பேச வந்துட்டா!"

"வேலை வேற, விளையாட்டு வேற புள்ளி. மன்னிப்புக் கேளு," என்றான் நெட்டை.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "படிச்ச திமிரு" என்ற மாமாவின் குரல் வாசல் வரை துரத்தியது.

வெளியே லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே வாளியும் துடைப்பமுமாக அம்மா. "வா பாப்பா, போலாம். ஆறு மாடி இறங்க என் முட்டி கேக்காது."

புள்ளி ஒரு காலை உள்ளே வைத்தவள், அப்படியே நின்றாள். லிஃப்ட் சுவரில் ஒரு சோதனை அட்டை தொங்கியது. ஏழு வாரமாக அதன் பக்கத்தில் நின்று ஏறி இறங்கியும் ஒருநாள்கூடப் படித்ததில்லை.

'பிரேக் போட்ட பின் நழுவும் தூரம். நாற்பது சென்டிமீட்டரைத் தொட்டால் லிஃப்ட்டை நிறுத்தவும்.' கீழே மாதவாரியாக அளவுகள். முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது. ஒரு வருடம் முழுக்க முப்பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாமாவின் பெயர், கையெழுத்து.

மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கால்கள் தாமாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பின.

"வாங்க சார், இடம் இருக்கு," என்றாள் அம்மா.

"இல்லம்மா, நடந்தா உடம்புக்கு நல்லது."

புள்ளி கதவு மூடாதபடி குறுக்கே நின்றாள். ஒரு கையால் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையின் விரல் அட்டையின் மேல் இருந்தது.

"சார், உங்க நேர்மையைச் சந்தேகப்பட்டது என் தப்புதான். எங்களோட இதுல கீழ வரைக்கும் வாங்க. எல்லார் முன்னாடியும் உங்க கால்ல விழுறேன்."

"போங்க மாமா!" நெட்டை வாசலிலிருந்து கை தட்டினான். "இதை நான் பாத்தே ஆகணும்."

மாமா அந்த விரலைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை.

"மொதல்ல உங்கம்மாவை வெளிய வரச் சொல்லு."