பேச்சு வராது என்று எழுதப்பட்ட பிள்ளை

திருவிடந்தை அங்கன்வாடியின் கம்பி ஜன்னல் வழியே காலை வெயில் பாயில் விழுகிறது. குழந்தைகளுக்குப் பேச்சு வரும் விதத்தை இந்தக் கடலோர ஊர்களில் முதன்முதலாக ஆராய்ந்து பேர் வாங்கிய டாக்டர் சுகிர்தா, கையில் கிலுகிலுப்பையோடு நிற்கிறார். எதிரே சமையல் செய்யும் ஜாக்குலின் ஈரக் கையைப் புடவையில் துடைக்கிறாள். "முப்பது வருசத்துக்கு முன்ன, இதுக்குப் பேச்சே வராதுன்னு எழுதிக் குடுத்தீங்களே, அந்தக் கொய்ந்த நான்தான் மேடம். அதனால எங்கம்மா என்ன இஸ்கூலுக்கே அனுப்பல." குரலில் கோபமில்லை. அந்தக் குறிப்பை வைத்துத்தான் டாக்டரின் முதல் புத்தகமே வந்தது. சவுக்குத் தோப்புக்கு அப்பால் அலை இரைகிறது. ஜாக்குலின் தன் இரண்டு வயது மகளைத் தூக்கிவந்து அவர் முன்னால் உட்கார வைக்கிறாள். "இவளும் இன்னும் பேசல. பாத்து சொல்லுங்க. ஆனா நீங்க இன்னா சொன்னாலும் இவள இஸ்கூலுக்கு அனுப்புவேன்."