கை படக் கூடாது

காவடி காஜா பெராங் தெரு முனையில் திரும்பியதுமே சந்திரமதிக்குத் தெரிந்துவிட்டது. கருணாகரன் ஆடவில்லை. நொண்டுகிறான்.

"அம்மன் எறங்கிட்டா பாரு!" என்று பக்கத்து வீட்டுப் பூங்காவனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மனாவது இறங்குவதாவது. உச்சி வெயிலில் தார் கொதிக்கிறது. மனுஷன் பாதத்தை முழுசாக ஊன்ற முடியாமல் ஓரத்தால் நடக்கிறான். காரணம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் காவடிக்குக் கீழே இருக்கிறான். இன்னொருத்தி செம்பில் மஞ்சள் தண்ணீரோடு, புருஷன் காலில் ஊற்றுவதற்காக வாசலில் நிற்கிறாள்.

கல்யாணமான புதிதில் அவன்தான் கேட்டான், தலையைக் குனிந்துகொண்டு. உள்ளங்காலில் ரொத்தான் பிரம்பால் அடிக்க வேண்டுமாம். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் பயந்தாள். அப்புறம் அவளுக்கும் பிடித்துப்போனது. இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. அவன் குப்புறப் படுத்துக் காலை நீட்டுவான். வலது கால் கட்டைவிரலை மடக்கினால் அந்தக் கணமே அவள் நிறுத்திவிட வேண்டும் என்று பேச்சு. ஒரு நாளும் அவன் மடக்கியதில்லை.

எல்லாம் சரி. காப்புக் கட்டிய கையோடு செய்யலாமா?

காவடி அவன் அம்மா அன்னம்மாவுக்காக. வயிற்று ஆபரேஷனுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது, பிழைத்து வந்தால் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த பிறகு வரும் முதல் திருவிழாவிலேயே எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். கோயிலுக்குப் போய்ச் சேராமல் வழியில் இறக்கினால் நேர்த்தி கெட்டுவிடும். அந்த அம்மாள் இதோ, எழுந்து நடமாடி, மருமகள் பக்கத்தில் கைகூப்பி நிற்கிறாள்.

விரதம் முடியும்வரை புருஷன் பெண்டாட்டி ஒருவர் மேல் ஒருவர் கை படக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார். முந்தாநாள் மத்தியானம் தகரக் கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. வெளியே எந்தச் சத்தமும் கேட்காது. கைதானே படக் கூடாது, ரொத்தான் படக் கூடாது என்று பூசாரி சொன்னாரா? அந்த அறைக்குள் அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது!

காவடி வாசலில் வந்து நின்றது.

சந்திரமதி குனிந்து, கை படாமல் தண்ணீரை ஊற்றினாள். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. காலையே பார்த்தாள்.

வலது கட்டைவிரல் மடங்கியது.

தார்ச் சூட்டுக்காக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். விரல் நிமிரவில்லை.

"எறக்குங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "போதும், காவடிய எறக்குங்க!"

உறுமி மேளம் நின்றது. ஆட்கள் ஓடிவந்து காவடியைத் தாங்கிக்கொண்டார்கள். கருணாகரன் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அதற்கடியில் இருந்த கோடுகள் யார் கண்ணிலும் படவில்லை.

அன்னம்மா மகனுடைய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "முன்னால போனவங்க காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு. விரதத்துல என்னடா கொற வச்ச, தம்பி?"

"எம் மேலதாம்மா தப்பு," என்றான் அவன். பெண்டாட்டி பக்கம் திரும்பவேயில்லை.

எம் புள்ளைய மன்னிச்சிடு தாயே என்று அன்னம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நின்றவர்களெல்லாம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

 சாமி காரியம் முடியட்டும் சந்திரா, என்றுதானே முந்தாநாள் அவன் சொன்னான். கதவுக்குப் பின்னாலிருந்து ரொத்தானை எடுத்து வந்தது யார்? பூசாரி பேச்சுக்கு வியாக்கியானம் சொல்லி அவனைச் சிரிக்க வைத்தது யார்? அந்தச் சிரிப்போடுதான் அவன் காலை நீட்டினான்.

இதற்கு மேல் தாங்காது. சந்திரமதி செம்பைக் கீழே வைத்தாள்.

"அத்தே, அது வந்து..."

மாமியார் மடியில் கிடந்த காலில், கட்டைவிரல் மறுபடியும் மடங்கியது.

அவள் நிறுத்திவிட்டாள்.