முதல் கையெழுத்து

"இனிமே என் பொண்ணு பள்ளிக்கூடத்துல எந்தப் போராட்டத்துலயும் உட்கார மாட்டா. அவ்ளோதானே சார்? குடுங்க பேனாவ."

முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார் நெசவாளி கந்தசாமி. மற்ற பெற்றோரும் வரிசையில் நின்றார்கள்.

ஹெட்மாஸ்டர் தமிழ்வாணனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாவம் மனுஷன், மதுரையிலிருந்து ஆரணிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் கழிப்பறைக்குத் தண்ணி கேட்டு மாணவிகள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவி யார் தெரியுமா? இதே கந்தசாமியின் மகள், பத்தாவது படிக்கும் தேவிப்ரியா.

"நாங்க கேட்டது தப்பாப்பா?" அழுதாள் அவள். "நாளைக்கு டி.இ.ஓ. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வர்றாரு. மனுவாவது குடுக்கலாம்னு..."

"பேஜார் பண்ணாத! டி.சி.யைக் கிழிச்சுக் குடுத்துட்டா எங்கடி போவ?"

"அப்பான்னா இப்படி இருக்கணும்!" மெச்சிக்கொண்டார் ஹெட்மாஸ்டர்.

மறுநாள் மாணவிகளுக்குத் திடீர் பரீட்சை. ஒருத்தியும் வகுப்பை விட்டு அசைய முடியவில்லை. டி.இ.ஓ.வுக்கு இளநீர் கொடுத்து, பதிவேடுகளைக் காட்டி, பதினோரு மணிக்கு ஜீப்பிலும் ஏற்றியாகிவிட்டது. அப்பாடா!

ஜீப் பத்தடிகூடப் போகவில்லை. குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு, புடவை நெய்வதற்கான பட்டுப் பாவு நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. கந்தசாமி இழை இழையாக நீவிக்கொண்டிருந்தார்.

"யோவ், எடுய்யா அதை!" ஓடிவந்து கத்தினார் ஹெட்மாஸ்டர்.

"பட்டு சார். ஜல்தியா எடுத்தா அறுந்துபூடும். அரைமணி பொறுத்துக்கங்க."

அதற்குள் இன்டர்வெல் மணி அடித்தது. மனுவோடு ஓடிவந்தாள் தேவிப்ரியா. பின்னாலேயே நாற்பது மாணவிகள்.

"ஏம்மா, உங்கப்பா எழுதிக் குடுத்தாரே, மறந்துட்டியா?"

"நாங்க எங்க சார் உட்கார்ந்தோம்? நின்னுகினுதானே மனு குடுக்கறோம்!"

டி.இ.ஓ. சிரித்துவிட்டார். இறங்கி, நின்ற இடத்திலேயே மனுவைப் படித்தார்.

"ஒரு வாரத்துல தண்ணி வரணும் சார். வரலேன்னா இவங்க மறுபடி மரத்தடியில உட்காரட்டும். அது அவங்க உரிமை. யார்கிட்டயும் கையெழுத்து வாங்காதீங்க."

ஹெட்மாஸ்டர் அவசரமாகத் தலையாட்டினார். பெண்கள் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்துவிட்டது.

கந்தசாமி ஒன்றும் தெரியாதவர் போலப் பாவைச் சுருட்ட ஆரம்பித்தார். டி.இ.ஓ. அவர் தோளில் கை போட்டார்.

"எங்கப்பாவும் தறிக்காரர்தான்யா. வெயில் பட்டா இழை தாங்காதுன்னு விடியக்காலையிலயே பாவைப் போட்டுச் சுருட்டிடுவார். பதினோரு மணிக்குப் பட்டுப் பாவு போடற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"