கிழக்குச் சுவர்

"வெயில்ல கெடக்குற நம்ம கரிசக்காட்ட அப்படியே தூக்கி நிப்பாட்டிட்டியே, தம்பி," என்றார் அப்துல் பாரி.

வீரசோழன் ஊரைத் தாண்டி, மெயின் ரோட்டோரம் அவருடைய தையல் ஃபேக்டரி. இருபத்திரண்டு வருஷம் துபாயில் வெந்த உழைப்பு மொத்தமும் இதில்தான் இருக்கிறது. நேற்றுதான் துபாயிலிருந்து வந்து, கட்டி முடிந்ததை முதன்முறையாகப் பார்க்கிறார். நாளைக் காலை திறப்பு. அறுபது பெண்கள் வேலைக்கு வருகிறார்கள்.

கட்டடத்தை வரைந்தவன் மாரிச்செல்வம். படிப்பு முடித்து வந்தபின் அவனுக்கு இது முதல் கட்டடம். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்குமே, அதையே வெளிச்சுவரில் பள்ளக் கோடுகளாக இழுத்துவிட்டிருந்தான். போன மாதம் மதுரையிலிருந்து ஆட்கள் வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். தலைகால் புரியாமல்தான் திரிந்தான். பத்து நாள் அடைமழை விட்டு, இன்றுதான் திரும்ப வருகிறான்.

கிழக்குச் சுவர் முன்னால் பாரி நின்றார். மேலிருந்து கோணல்மாணலாக இறங்கிய வெடிப்பை விரலால் தடவினார்.

"மத்த பக்கமெல்லாம் பத்து பத்து போட்டவன், இங்க ஒண்ணே ஒண்ணு விட்ட பாரு. மாஷா அல்லாஹ், அதுதான் அழகு. இதுக்குக் கீழதான் உன் பேரப் போட்டுக் கல்லு பதிக்கச் சொல்லிருக்கேன்."

மாரிச்செல்வம் கொத்தனார் ரத்தினத்தைப் பார்த்தான். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அஸ்திவாரம் தோண்டிய அன்றே அவர் இந்தப் பக்கத்து மண்ணைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். "வரைஞ்சத மட்டும் கட்டுங்கண்ணே, போதும்" என்று ஆட்கள் முன்னால் அவர் வாயை அடைத்துவிட்டான். அதோடு அவர் எதுவும் சொல்வதில்லை. கேட்டிருக்கலாம். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா?

"பேரு வேணாம், பாய்."

"என்னப்பா கூச்சம்? ஒங்கய்யா ஆண்டிச்சாமி காலமெல்லாம் இந்த வெடிப்பத் தாண்டித் தாண்டி நடந்தவுக. பாத்தா எம்புட்டு சந்தோசப்படுவாக."

"உள்ள இந்தச் சுவரோரம் என்ன போட்டிருக்கீக?"

"மிஷினுதான், ரெண்டு வரிசை. காலை வெளிச்சம் நல்லா விழுது. பிள்ளைக உக்காந்து தைக்கத் தோதா இருக்கும்."

"எடுத்துருங்க. திறப்பயும் தள்ளி வைங்க, பாய்."

பாரியின் முகம் மாறியது. "ஊரு பூரா பத்திரிகை குடுத்தாச்சு. வெளாடுறியா?"

நாளையோடு இந்தப் பக்கம் யாரும் தன்னை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று மாரிச்செல்வத்துக்குத் தெரியும்.

"மூணு சுவத்துலதான் பாய் நான் வெடிப்பு வரைஞ்சேன். இத வெறுஞ்சுவராத்தான் விட்டேன்."