வண்டி ஜாதகம்

"ஏலே, ஆம்னியை ஓரங்கட்டுலே!" கத்திக்கொண்டே ஏட்டு சுந்தரபாண்டியன் தடுப்பை இழுத்துச் சாலையை மறித்தார். வேன் கிறீச்சிட்டு நின்றது.

அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்திருந்தது. குற்றாலத்தில் அருவிக்கரையிலிருந்து மூன்று வயதுப் பெண்பிள்ளையை யாரோ வண்டியில் தூக்கிப் போய்விட்டார்கள். தாய்க்காரி மயங்கிக் கிடக்கிறாள், என்ன வண்டி என்று தெரியவில்லை. கேரளா போகிற எல்லா வண்டியையும் சோதிக்க வேண்டும். புளியறை தாண்டி மலையேறிவிட்டால் அப்புறம் பிள்ளை கிடைத்த மாதிரிதான்.

வண்டியைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று சுந்தரபாண்டியனுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை அவரே கொஞ்சம் கூடுதலாக நம்பினார்.

வேனை ஓட்டி வந்தவன் இடுப்பில் ஈர வேட்டி மட்டும் கட்டியிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பின் சீட்டில், மடித்தது மடித்தபடி ஒரு சின்ன கவுன்.

"பிள்ளைய எங்கன வச்சிருக்கே?"

அவன் வாயைத் திறந்து என்னவோ கத்தினான், ஒரு வார்த்தை தேறவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு மலைப்பாதையைக் காட்டினான். காலில் விழுந்தான்.

"குடிச்சிட்டு நாக்கு குழறுதோ?" பளாரென்று ஓர் அறை விழுந்தது. வேன் சாவி அவர் சட்டைப்பைக்குப் போனது. மலைப் பக்கம் ஓடப் பார்த்தவனை வேன் கதவோடு சேர்த்து விலங்கு போட்டார்.

கூட நின்ற போலீஸ்காரி உமா மகேஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. "குடிச்ச வாடையே இல்லியே ஏட்டையா. முன்ன போச்சே ஒரு பெரிய வெள்ளைக் காரு, அதுலயும் ஒரு பிள்ள தூங்கிச்சு. உடுப்புகூட இல்லாம துண்டத்தான் சுத்தியிருந்தாங்க. நாம நிப்பாட்டவே இல்ல."

அந்தக் காருக்குத் தடுப்பை விலக்கி அவர் சல்யூட்டும் அடித்திருந்தார்.

"நாப்பது லச்சத்துக்கு வண்டி வச்சிருக்கவன் பிள்ள களவாங்கவா வருவான்? டாக்டர் ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்கு. அருவியில குளிச்சிட்டுப் போற குடும்பம்மா அது. பிள்ள பிடிக்கவன் எல்லாம் ஆம்னியிலதான் வருவான், நீ சினிமா பாக்கதில்லியா?"

விலங்கை இழுத்து இழுத்து வேன்காரனின் மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. அப்போதும் ஓலம் அடங்கவில்லை. மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. இப்படியே இருபது நிமிடம் போய்விட்டது.

செல்போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். சுந்தரபாண்டியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஐயா, ஆள..."

"மொதல்ல நான் சொல்லுதத கேளும்வே. தாய்க்காரி முழிச்சிட்டா. பெரிய வெள்ளைக் காராம், பிள்ளைய துண்டுல சுத்தித் தூக்கியிருக்கான். அத வெரட்டிக்கிட்டு பிள்ளையோட அப்பன் ஆம்னி வேன்ல ஒம்ம பக்கந்தான் வாரான்."

சுந்தரபாண்டியனின் கை தானாகச் சட்டைப்பைச் சாவியைத் தொட்டது.

"அவனுக்கு வாய் பேச வராதாம், மறிச்சிராதீரும்."