பத்துக்கு ஒன்பது

“பாருடி, பத்துக்கு ஒன்பது! இந்த வருஷம் நான் யாருக்கும் ஒன்பது போட்டதே இல்லை” என்று டீச்சர் போனைத் தங்கையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவளைக் கை கழுவக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை திருத்தித் தந்த வீட்டுப்பாடத்தின் படம் அது. டீச்சர் வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. அன்றைய வினைச்சொல் ‘ரீபே’, அதாவது பட்ட கடனைத் திருப்பிச் செலுத்துவது. அதை வைத்து நாலு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தாள்.

“யாரு எழுதினதுக்கா?”

“நம்ம கப்சிப் அக்காதான். வாயே திறக்காதுன்னு கிளாஸ்ல வச்ச பேரு. வேற நாட்டுலேர்ந்து வந்து ஒரு பெரிய வீட்டுல, படுத்த படுக்கையா இருக்கிற கிழவரைப் பாத்துக்குது. சொல்ற வேலை புரியணும்னு அந்த வீட்டம்மாவே ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கறாங்க. வீட்டு டிரைவர் கொண்டுவந்து விட்டுட்டு, கிளாஸ் முடியற வரைக்கும் கதவுகிட்டயே உக்காந்திருப்பார். என்ன ஒரு பொறுப்பு தெரியுமா!”

“அது சரி, ஏன் இவ்வளவு சிவப்பு மை?”

“பின்னே? அது எழுதறது அப்படி. வீட்டம்மாவே ‘ஒரு மண்ணும் புரியல’ன்னு போன்ல புலம்பினாங்க. அதான் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் நான் முழுசாத் திருத்தி எழுதிடுவேன். ஃபீஸ் கட்டறவங்க அதைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். நம்ம கிளாஸ்ல அதுதான் சட்டம்.”

இருபது வருஷமாக அந்தச் சட்டத்தில் டீச்சருக்கு அவ்வளவு பெருமை. தங்கை அரைகுறையாகத் தலையாட்டிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிச் சிவப்பெழுத்தைப் படித்தாள்.

முதல் வாக்கியம்: ‘என்னை வரவழைத்த டிக்கெட் பணத்தை மூன்று வருஷமாக உழைத்து ரீபே செய்கிறேன், இன்னும் முடியவில்லை என்கிறார்கள்.’ இரண்டாவது: ‘என் பாஸ்போர்ட்டை அவர்கள் திருப்பித் தரவில்லை.’ அதன் ஓரத்தில் டீச்சரின் குறிப்பு: ‘பாஸ்போர்ட்டுக்கு ரீபே வராது. கடனுக்கு வரும், உதவிக்கு வரும், ஆளுக்கும் வரும்.’

“அதுலதான் ஒரு மார்க் போச்சு, பாவம்” என்றாள் டீச்சர்.

தங்கை மேலே படித்தாள். மூன்றாவது: ‘வெளியே போகும்போது என்னை அறையில் பூட்டிவிட்டுப் போகிறார்கள், போன நாட்களை யார் ரீபே செய்வார்கள்?’ கடைசி வாக்கியம்: ‘டீச்சர், நீங்கள் என்னை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுத்தால், ஆயுள் முழுக்க உங்கள் உதவியை ரீபே செய்வேன்.’ அதற்குக் கீழே பெரிய சிவப்பு டிக். ‘உதவிக்கு ரீபே! சபாஷ்!’

“அக்கா, உனக்கு மூளை கீளை இருக்கா? இதுவா வீட்டுப்பாடம்? அவங்க உன்கிட்ட கெஞ்சறாங்கக்கா!”

டீச்சர் போனைப் பிடுங்கிப் படித்தாள். திருத்தியபோது அவள் பார்த்தது காலமும் ஒருமை பன்மையும்தான். இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறாள். சபாஷ் போட்ட தன் கையை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

“அந்த டிரைவர் காவலுக்கு உக்காந்திருக்கான்டி. நான் ஒரு முட்டாள், பொறுப்பு பொறுப்புன்னு...” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “மூணு மணிக்கு வந்துடும். நான் டிரைவர்கிட்டப் பேச்சுக் கொடுக்கறேன். நீ அதைப் பின்வாசல் வழியா உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. போலீஸை அங்க வரச் சொல்லலாம்.”

தங்கை செருப்பைப் பின்வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். சரியாக மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை வரவழைத்துக் கதவைத் திறந்தாள்.

டிரைவர் மட்டும் நின்றிருந்தார், கையில் நோட்டோடு.

“அவங்க... அவங்க வரலையா?”

“இனிமே வராது டீச்சர்.”

நோட்டை வாங்கிப் பிரித்தாள். ‘ரீபே’ பக்கத்தின் அடியில், சட்டப்படி, வீட்டம்மாவின் கையெழுத்து இருந்தது.

“வீட்டம்மா உங்களுக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க” என்றார் டிரைவர். “நீங்க திருத்தி எழுதினதுலதான் புரிஞ்சுதாம்.”